செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் படச்சுவர்: எதை, எங்கே, எப்படி மாட்டுவது?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளில் சில இப்போது மறுபடியும் கல்யாணத்துக்குத் திறக்கின்றன. சில ஹோட்டலாகிவிட்டன. சில பங்காளிகள் கையிலேயே இருந்து முகூர்த்த நாட்களுக்கு மட்டும் வாடகைக்குப் போகின்றன. வீட்டுக் கல்யாணத்தை வீட்டிலேயே நடத்த வேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் முற்றத்தைச் சுற்றிய வளவை அவ்வளவு அகலமாகப் போட்டார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. செட்டிநாட்டோடு எந்த உறவும் இல்லாத குடும்பங்கள்கூட ‘வளவுக் கல்யாணம்’ வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.

ஒட்டடை அடித்து, ஆத்தங்குடிக் கல்லைத் துடைத்து, ஓட்டை மாற்றியபின் வீட்டுக்காரருக்கு அடுத்து வரும் ஆசை புகைப்படச் சுவர். உடனே அலங்காரக்காரர் ஒருவர் வந்து, வளவின் நடுச்சுவரில் முப்பது ஃபிரேம் அடுக்கலாம் என்று செல்போனில் மாதிரி காட்டுவார். அதற்குத் தலையாட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை இவை. என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வீடுகளில் சுவர்தான் மூத்தது. படத்துக்காகச் சுவரைக் கெடுக்கும் எந்த வழியும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம்.

எந்தச் சுவர்?

எல்லோர் கண்ணும் முதலில் போவது மணவறைக்குப் பின்னால் உள்ள சுவருக்கு. அதை விட்டுவிடுங்கள். கண்ணாடி போட்ட படம் அங்கே இருந்தால் வீடியோக்காரரின் விளக்கும் ஃபிளாஷும் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெள்ளைப் பொட்டாக விழும். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை தலைக்கு மேல் யாரோ ஒரு ஐயாவின் பாதி முகம் தெரியும். ஹோமப் புகையும் அங்கேதான் முட்டும். திண்ணையும் முகப்பும் வெளிச்சத்துக்கும் தெருப்புழுதிக்கும் திறந்தவை. அங்கே நிலைக்கதவின் மரவேலையே போதும், பக்கத்தில் படம் வைத்தால் இரண்டும் கெடும்.

வளவின் நாலு பக்கமும் சமம் அல்ல. நம் பகுதியில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகையால் முற்றத்தின் வடபுறத்தில் தெற்கு பார்த்து நிற்கும் சுவர்தான் அதிக வெயில் வாங்கும். மேற்குப்புறச் சுவருக்குக் காலை வெயில், கிழக்குப்புறச் சுவருக்கு மாலை வெயில். தென்புறச் சுவருக்கு நேர் வெயில் மிகக் குறைவு. வளவில் மாட்டியே தீருவது என்றால் அந்தத் தென்புறப் பத்திதான் சரி. ஆனால் அங்கே அறைக்கதவுகள் வரிசையாக இருக்கும். இரண்டு நிலைகளுக்கு நடுவில் கிடைக்கிற ஒடுக்கமான இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு படத்துக்கு மேல் திணிக்கக் கூடாது.

வளவைவிட எனக்குப் பிடித்த இடம் வேறு: இரண்டாம் கட்டுக்குப் போகும் வழியில், பந்திக்காகக் கூட்டம் காத்து நிற்கும் பக்கச் சுவர். கல்யாண வீட்டில் மனிதர்கள் சும்மா நிற்கும் ஒரே நேரம் முந்தின பந்தி எழும்பும் வரையிலான அந்தக் கால் மணி. மணவறைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் மணவறையைத்தான் பார்ப்பார்கள். பந்திக்கு நிற்பவர் எதையாவது பார்த்தாக வேண்டும். சாப்பாட்டு அறைக்குள்ளேயே மாட்டாதீர்கள். சாம்பார் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு சீசனிலேயே கண்ணாடியை மங்கலாக்கிவிடும்.

ஆணியா, கம்பியா, நிற்கும் பலகையா?

இந்த வீடுகளின் சுவர்ப்பூச்சு சாதாரணச் சுண்ணாம்பு அல்ல. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து, பல பூச்சாகப் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது. டிரில் வைத்தால் துளையைச் சுற்றிச் சில்லாகப் பெயரும். அதைச் சிமெண்டால் அடைத்தால் பழைய சுண்ணாம்போடு ஒட்டாமல் திட்டாக நிற்கும், ஈரத்தையும் உள்ளேயே பிடித்துவைக்கும். பழைய முறையில் பூசத் தெரிந்த கொத்தனார் இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. முப்பது படத்துக்கு முப்பது துளை என்பது திருப்பி எடுக்க முடியாத முடிவு.

ஒட்டும் கொக்கி, இரட்டைப் பக்க டேப் ஆகியவை துளையே போடாத வழி என்று தோன்றும். வெள்ளையடித்த சுவரில் அவை படத்தின் பாரத்தில் சுண்ணாம்புத் தோலை உரித்துக்கொண்டு விழும். பளபளப்புச் சுவரில் பிடித்தாலும் எடுக்கும்போது கறை நிற்கும். டிரில்லை மன்னித்தாலும் டேப்பை மன்னிக்க மாட்டேன்.

நல்ல வழிகள் மூன்று. முதலாவது, ஏற்கெனவே இருக்கும் பழைய கொக்கிகளைத் தேடுவது. நிலைக்கு மேலே, உத்திரத்துக்குக் கீழே, வெள்ளையடியில் மூடிப்போன கொண்டிகள் பல வீடுகளில் இருக்கும். துருவைச் சுரண்டி, பாரம் தாங்குகிறதா என்று ஒரு சாக்குப்பையில் படத்தின் இரட்டிப்பு எடை வைத்து ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டாவது, பளபளப்புப் பூச்சு முடிந்து வெறும் வெள்ளையடி தொடங்கும் உயரத்தில் நீளமான ஒரே கம்பியை நாலைந்து இடத்தில் மட்டும் பிடித்து, அதிலிருந்து மெல்லிய சங்கிலியில் படங்களைத் தொங்கவிடுவது. படம் மாறும், இடம் மாறும், துளை மாறாது. மூன்றாவது, சுவரையே தொடாமல் தேக்குச் சட்டத்தில் நிற்கும் மடக்குப் பலகை. குழந்தைகள் ஓடி மோதினாலும் கவிழாதபடி அடி அகலமாக, கனமாக இருக்க வேண்டும். உத்திரத்திலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. பர்மாத் தேக்கில் திருகாணி ஏற்றாமல் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டால் அதற்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வீட்டுக்கே உரிய படங்களுக்குக் கம்பி, வந்துபோகும் ஜோடிகளின் படங்களுக்கு நிற்கும் பலகை என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பாரத்தையும் கணக்கில் வையுங்கள். 20க்கு 24 அங்குலப் படத்தின் 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே இரண்டேகால் கிலோவுக்கு மேல் வரும். அதே தடிமன் அக்ரிலிக் அதில் பாதிதான், விழுந்தாலும் நொறுங்காது. ஆனால் கீறல் விழும், தூசியை இழுக்கும், வேலையாள் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் ஒரே வருஷத்தில் மங்கும். தலைக்கு மேலே தொங்குவதற்கு அக்ரிலிக், கை எட்டும் உயரத்தில் கண்ணாடி என்பது என் கணக்கு.

யாருடைய படம்?

எல்லா முடிவுகளிலும் கடினமானது இதுதான், காரணம் பங்காளிகள். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு ஜோடியின் குடும்பத்துக்கும், அறை இருப்பதுபோல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தாத்தாவும் உண்டு. எந்தத் தாத்தா பெரிய ஃபிரேமில், எவர் வாசலுக்குப் பக்கத்தில் என்று ஆரம்பித்தால் பாகப்பிரிவினை வரை போகும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு, ஒரே சட்டம், கிளைவாரியாக ஒரே வரிசை. அழகுக்காக அளவை மாற்றி மாற்றி வைக்கும் இன்றைய பாணி இங்கே வினையை விலைக்கு வாங்குவது.

மறைந்த தேதி எழுதி, பொட்டு வைத்து, மாலை போட்ட படங்களைச் சாமி அறைக்கு மாற்றிவிடுங்கள். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் முன்னோர் ஆசி வேண்டும் என்று படைப்பு வைக்கிறவர்களுக்கு அவை இயல்பானவை. வாடகைக்கு வரும் குடும்பம் முன்பின் தெரியாதவர்களின் திதிப் படங்களுக்குக் கீழே மணமேடை போடத் தயங்கும், அந்தத் தயக்கம் நியாயமானது. பழைய ஆல்பங்களில் இறந்தவரை உட்காரவைத்து எடுத்த படங்களும் வரும். அவை அலமாரிக்கு உரியவை.

கல்யாண வீட்டுக்கு ஏற்றவை கல்யாணப் படங்களே. கழுத்துரு பூட்டிய பெண், சாந்திக் கல்யாணத்தில் மறுபடி மணமக்களான அறுபது வயது ஐயாவும் ஆச்சியும், பந்தலுக்குக் கீழே எடுத்த ஊர்க்கூட்டப் படம், ரங்கூனிலோ பினாங்கிலோ ஸ்டுடியோத் திரைக்கு முன் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று ஊருக்கு அனுப்பிய படம். கூட்டப் படங்களுக்கு முதலிடம் கொடுங்கள். பந்திக்குக் காத்திருப்பவர்கள் முகம் முகமாகத் தேட அவைதான் தோது. பன்னிரண்டு படம் போதும், பதினைந்தைத் தாண்ட வேண்டாம்.

பெயர் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். பழைய படங்களின் பின்னால் ஆண்களுக்கு இனிஷியலோடு பெயர் இருக்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் ‘மனைவி’ என்ற ஒரு சொல். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய ஆச்சிகள் இன்னும் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா கூடாது, மை முன்பக்கத்துக்கு ஊறும்.

இங்கே கல்யாணம் நடத்திய ஜோடிகளின் படங்களை மாட்டுவதானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காசு கொடுத்து எடுக்கச்சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச்சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். இன்றைய கல்யாணப் புகைப்படக்காரர்கள் ஒப்பந்தத்தில் அதை மாற்றி எழுதியிருப்பதும் உண்டு. இருவரையும் கேட்பது நல்லது.

அசலா, நகலா?

நகல்தான். இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம். பழைய படங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் ஒளி அளவு சுமார் 50 லக்ஸ். கல்யாண வீட்டு வெளிச்சத்தில் அதைக் காப்பாற்றவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டின் ஈரமும், பூச்சியும், கரையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் இருட்டில் வைத்தாலும் சிவப்பேறுகின்றன. அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன அசலைப் பிய்க்காதீர்கள். முகமே கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 8க்கு 12 அளவில் தெளிவாக அச்சிடலாம். அதற்கு மேல் பெருக்க 1200. சுற்றியிருக்கும் அட்டையையும் சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். கிளெய்ன் அண்ட் பெயர்ல், ஜி. கே. வேல் போன்ற சென்னை ஸ்டுடியோக்களின் பெயர் அச்சிட்ட அட்டை கிடைத்தால், அதுவும் படத்தின் பாகம்தான். தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டமும் மின்னாக்கம் செய்து சேர்த்துவைத்ததே இவற்றின் மதிப்புக்குச் சான்று.

அச்சில், வீட்டுப் படங்களுக்குப் பருத்தித் தாளில் நிறமி மை. விலை கூட, ஆனால் நீண்ட நாள் நிறம் மாறாது. ஜோடிகளின் படங்கள் எப்படியும் மாறப்போகிறவை, அவற்றுக்கு லேபில் போடும் மேட் பிரிண்ட் தாராளம். கேன்வாஸ் கண்ணாடி இல்லாததால் கூசாது, இலேசானது. ஆனால் அதன் நெசவு கூட்டப் படத்தின் சின்ன முகங்களை விழுங்கிவிடும், மழையில் பூஞ்சையும் பிடிக்கும். ஃபிளெக்ஸ், லாமினேஷன் பற்றிப் பேசவே வேண்டாம்.

சட்டத்துக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தேக்கு ஃபிரேம்களே முதல் தேர்வு. உள்ளே இருக்கும் பழுப்பு அட்டையை எறிந்துவிட்டு அமிலமில்லாத அட்டை போடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் கட்டாயம். கீழ் மூலைகளில் ரப்பர்க் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் இடையே காற்று ஓடும்.

அந்தக் காலத்தில் உயரே மாட்டி முன்னால் சாய்த்துவிட்டார்களே, அதைப் பழைய மோஸ்தர் என்று ஒதுக்க வேண்டாம். கீழே நிற்பவருக்கு முகம் நேராகத் தெரியும், முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் கூசாது, படத்தின் முதுகு ஈரச்சுவரைத் தொடாது, மஞ்சள் கை எட்டாது. வளவில் ஏழடிக்கு மேலே சாய்த்து ஒரே வரிசை. பந்தி வழியில் மட்டும் படத்தின் நடு ஐந்தடி உயரத்தில் வரும்படி நேராக மாட்டலாம். விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் எல்இடி. ஒவ்வொரு படத்துக்கும் தனி விளக்கு வைத்தால் நகைக்கடை ஆகிவிடும்.

கடைசியாக வாடகை ஒப்பந்தம். “பந்தல்காரரோ பூ அலங்காரக்காரரோ சுவரில் ஆணி, டேப், பசை எதுவும் பயன்படுத்தக் கூடாது, மாட்டியிருக்கும் படங்களைக் கழற்றவோ இடம் மாற்றவோ கூடாது” என்று அதில் தமிழிலேயே எழுதுங்கள். கையெழுத்தைக் கல்யாண வீட்டாரிடம் மட்டும் வாங்காமல், பந்தல்காரரிடமும் வாங்குங்கள்.