அம்பாசடருக்கு எஃப்.சி.: பாஸ் ஆன வண்டி பத்திரமான வண்டியா?

"பதினஞ்சு வருஷம் ஆயிருச்சா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரு" என்று சொல்லாத ஆள் நம்ம ஊரில் இல்லை. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் அச்சாபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ் நடத்திய குடும்பங்களில் தாத்தா காலத்து அம்பாசடர் ஒன்று ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். விற்கவும் மனசு வராது, ஓட்டவும் ஆள் இருக்காது. மெக்கானிக்கல் படிக்கிற பேரன் வந்து, "நான் எஃப்.சி. காட்டி ஓட்டுறேன் தாத்தா" என்பான். அந்தப் பேரனுக்கோ பேத்திக்கோதான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாப் பார்த்துருவோம். 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற தடை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தடை தமிழ்நாட்டுக்கு இல்லை. இங்கே 15 வருஷம் தாண்டினால் பதிவு ரத்தாவது அரசு வண்டிகளுக்கு மட்டும்தான், அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல். சொந்தக் காராக இருந்தால் 15 வருஷம் முடிந்ததும் படிவம் 25 கொடுத்து, வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, பதிவைப் புதுப்பிக்கலாம். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்யணும். இதற்குச் சரியான பேர் 'பதிவுப் புதுப்பிப்பு'. ஆனால் ஊரே அதை எஃப்.சி. என்றுதான் சொல்லுது, நாமும் அப்படியே சொல்லிக்குவோம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனதால் "ஒரு தடவை போய்ப் பார்ப்போம், ஃபெயில் ஆனா அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது இப்போ கொஞ்சம் காஸ்ட்லியான யோசனை. வண்டிக்கு 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவும் வாங்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் தினமும் ரோட்டில் ஓட்டமுடியாது. பொங்கலுக்குக் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக நினைக்கிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

தகுதிச் சோதனைக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 62 ஒரு பட்டியல் தருது. பிளக், ஹை டென்ஷன் ஒயர், ஹெட்லைட், மற்ற விளக்குகள், கண்ணாடி, ஹாரன், சைலன்ஸர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டீயரிங் என்று போகும். பட்டியல் தப்பில்லை. அது ஒருநாள், ஒருதடவை, சில நிமிஷம் பார்க்கிற பட்டியல், அவ்வளவுதான். அம்பாசடரில் ஆளைக் காவு வாங்கக்கூடிய பழுதுகளில் பாதி அந்தச் சில நிமிஷத்தில் வெளியே தெரியாது.

பிரேக்கையே எடுத்துக்குவோம். நம்ம ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை. விதிப்படி, முழு பாரத்தோடு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் 13 மீட்டருக்குள் நிற்கணும். முதல் வருஷ பிசிக்ஸைப் போட்டுப் பாருங்கள். 30 கி.மீ. என்றால் நொடிக்கு 8.33 மீட்டர். அதை வர்க்கமாக்கி 26-ஆல் வகுத்தால் வேகக்குறைவு நொடி வர்க்கத்துக்கு 2.67 மீட்டர். இது ரொம்பச் சாதாரணம். இதே பிரேக்கோடு நாலுவழிச் சாலையில் விருதுநகரிலிருந்து சாத்தூருக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு ஆடு வந்தால் நிற்க எவ்வளவு தூரம் வேணும்? வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் 92 மீட்டர். கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடும் 22 மீட்டரையும் சேர்த்தால் 114. 13 மீட்டரில் நின்று பாஸ் ஆன வண்டிக்கு ஆட்டைக் கண்டதும் நிற்க அவ்வளவு ரோடு வேணும்.

அடுத்தது டிரம் பிரேக்கின் குணம். பழைய அம்பாசடரில் நாலு சக்கரத்திலும் டிரம்தான். டிரம் சுற்றும் திசையே லீடிங் ஷூவை உள்ளே இழுத்து இன்னும் அழுத்திக்கொடுக்கும். பூஸ்டர் இல்லாமலே கார் நிற்பது இதனால்தான். இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கு. டிஸ்க்கில் உராய்வு எண் கால் பங்கு குறைந்தால் பிடிப்பும் கால் பங்குதான் குறையும். லீடிங் ஷூவில் பிடிப்பைக் கணக்கிட, உராய்வு எண்ணை, ஒன்றிலிருந்து அதன் ஏதோ ஒரு மடங்கைக் கழித்து வருவதால் வகுக்கணும். அந்த மடங்கு ஷூவின் அமைப்பைப் பொறுத்தது. உதாரணத்துக்கு 1.5 என்று வைத்துக்குவோம். உராய்வு எண் 0.4 என்றால் விடை 1. அது 0.3 ஆனால் விடை 0.55 தான். கால் பங்கு உராய்வு போனதற்குக் கிட்டத்தட்ட பாதி பிடிப்பு போச்சு. ஒரு பக்க வீல் சிலிண்டர் லேசாக் கசிந்து லைனிங்கில் பிரேக் ஆயில் பட்டால் வண்டி மறுபக்கம் வெடுக்கென்று இழுப்பது இதனால்தான். ரோலர் டெஸ்டர் இருக்கிற ஆட்டோமேட்டட் சென்டரில் இடது வலது வித்தியாசம் எண்ணாகவே வந்துரும். மெதுவா ஓட்டிப் பார்க்கும் இடத்தில் அது தப்பிவிட வாய்ப்பு உண்டு.

ஷெட்டில் நின்ற வண்டியை ஓடுகிற வண்டியைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகும், பிஸ்டன் இறுகும். டாட் 3 ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 140 டிகிரிதான். சமதளத்தில் நடக்கிற சோதனையில் இது தெரியாது, கொடைக்கானல் இறக்கத்தில் தெரியும். பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். எங்கே ஒரு கசிவு வந்தாலும் நாலு சக்கரமும் போச்சு, மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அதனால் ஹேண்ட் பிரேக் கேபிளை அலட்சியமா விடாதீங்க. சோதிக்கும் முறை சுலபம். நாலு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒருத்தர் பெடலை மிதித்து விடட்டும். விட்டதும் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். எது தயங்குதோ அதைக் கழற்றணும்.

இப்போ புகைக்கு வருவோம். எனக்கு இதுதான் ரொம்ப சுவாரசியமான இடம். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.-மும் தாண்டக்கூடாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து உத்தர்பாராவுக்கு வந்த அந்த 1,489 சி.சி. பி சீரிஸ் எஞ்சினுக்கு இது கஷ்டமான வரம்பில்லை. ஏர் ஃபில்டர், பிளக், பாயிண்ட், டேப்பெட் எல்லாம் ஒழுங்கா இருந்தால் போதும். ஹைட்ரோகார்பன் மட்டும் இறங்கவே மாட்டேங்குதா? வால்வு சீட்டைப் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த வார்ப்பிரும்பு ஹெட் அது. 2000-த்தில் நாடு முழுக்க ஈயம் நின்றபின், அதிக வேகத்திலும் பாரத்திலும் ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். கிளியரன்ஸ் குறையும், கம்ப்ரஷன் போகும்.

இன்றைக்கு பங்கில் போடுவது இ20. அதாவது 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று எரிபொருள் விகிதம் 14.7. எத்தனாலுக்கு 9. கலவைக்கு 13.5 சுமார். பழைய கார்புரேட்டருக்கு சென்சார் கிடையாது. ஜெட்டும் ஊசியும் என்ன அளவு விடுதோ அதுதான். முன்பு 13.5-இல் ரிச்சாக ஓடி கார்பன் மோனாக்சைடில் ஃபெயில் ஆகிக்கொண்டிருந்த வண்டி, இ20 ஊற்றியதும் எதையும் தொடாமலே பாஸ் ஆகிரும்! சரியா டியூன் செய்த வண்டியோ லீனாகிவிடும். மீட்டர் இன்னும் அழகான எண்ணைக் காட்டும். எஞ்சின் சூடாகும், கார்புரேட்டர் வழியா 'டப்' என்று திருப்பி அடிக்கும். புகைச் சான்றிதழ் எஞ்சினின் ஆரோக்கியச் சான்றிதழ் கிடையாது.

இதைவிட மோசம், பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸும் ஏ.சி. பம்ப்பின் டயாஃப்ரமும். அவற்றை எத்தனாலை நினைத்துச் செய்யவில்லை. ஊறி, வெடித்து, கசியும். விதி 62 பட்டியலில் பெட்ரோல் ஹோஸ் என்று தனியா ஒரு வரி இல்லை. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. நம்ம வட்டாரத்தில் பட்டாசு ஏற்றும் வண்டிக்கு சைலன்ஸரில் ஸ்பார்க் அரெஸ்டர் மாட்டுவது ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க, பானெட்டுக்குள் பெட்ரோல் கசிய, கார்புரேட்டர் திருப்பி அடிக்கிற ஒரு காரை மருந்து கலக்கிற ஆலைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது என்ன துணிச்சல்? எத்தனால் தாங்கும் ஹோஸும் புது கிளிப்பும் ஒரு சினிமா டிக்கெட் செலவுக்குள்ளேயே முடியும்.

ஒயரிங்கையும் அதே கண்ணோடு பாருங்கள். ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்குது. பழைய சுவிட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து 0.12 ஓம் தடை தந்தால் 1.2 வோல்ட் வழியிலேயே போயிரும். பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் சுமார் 3.4-ஆம் அடுக்கில் மாறும். 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் 30 சதவீதம் வெளிச்சம் காணோம். லைட் எரியுது என்று இன்ஸ்பெக்டர் டிக் அடிக்கலாம். தொலைந்த 12 வாட் அந்த சுவிட்சையும் ஜாயிண்டையும் சூடாக்கிக்கொண்டே இருக்கும். லேப் மல்டிமீட்டர் ஒன்று போதும். லைட்டைப் போட்டு, பேட்டரி முனையிலும் பல்பு முனையிலும் அளந்து கழியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே போட்டு, எர்த்தைச் சுரண்டிப் புதுசா மாட்டுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடிகிற வேலை. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் கிங்பின்னும் டைராடு எண்டும்தான் சந்தேக நபர்கள். கிரீஸ் வைக்காததுதான் பெரும்பாலும் காரணம். டயர் பட்டன் 1.6 மி.மீ. இருந்தால் விதிக்குப் போதும். ஆனால் நின்ற வண்டியின் டயர் தேயாமலே கிழடாகும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நம்ம வெயிலில் பத்து வருஷ டயரை நம்பாதீங்க. தனிச் சேசிஸ் இல்லாத வண்டி என்பதால் தரைத்தகடும், பின் பட்டை மாட்டும் இடமும் துருப்பிடித்தால் அது பெயின்ட் வேலையே இல்லை, உயிர் விஷயம். கரிசல் காட்டு வண்டி இதில் பிழைத்துக்கொள்ளும். தூத்துக்குடி உப்புக்காற்றில் வளர்ந்த வண்டியை வாங்குமுன் கால்மிதியைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. எல்லாம் சரியாக இருந்தும் சேசிஸ் எண் படிக்க முடியாமல் திரும்பி வரும் வண்டிகள் உண்டு. நாலு தடவை பெயின்ட் அடித்ததில் எண் மூடிப்போயிருக்கும். எமரி ஷீட்டைத் தொடாதீங்க, எண்ணே தேய்ந்தால் வேறு வம்பு. பெயின்ட் ரிமூவரைத் துணியில் நனைத்து மெதுவாத் துடைத்து, வெள்ளைத்தாள் வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். அந்தத் தாளை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு தேதி வாங்குங்கள்.