பிளாஸ்க் வீடும் கோடை வெயிலும்



இந்த வார எபிசோடில் ஸ்மார்ட் சென்சார்கள் பற்றிப் பேசினோம். அதோடு ஒட்டிய ஒரு கேள்வியை எழுத்தில், கணக்கோடு பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். "வீட்டுக்கு இன்சுலேஷன் நல்லா இருக்கு, குளிர்காலத்துல ஹீட்டரே அதிகம் போடறதில்லை. ஆனா ஜூலைல ராத்திரி தூங்க முடியல. இன்சுலேஷன்தான் சூட்டை உள்ளே இழுக்குதா?"

நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் பக்கம், மேற்குப் பார்த்த மூன்றாம் மாடி பிளாட். காண்டிராக்ட் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். ஆகவே இது எனக்கும் சொந்தக் கேள்வி.

இதைச் சும்மா சௌகரியப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அந்தக் கோடையின் வெப்ப அலைகளில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிடச் சுமார் 3,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். நம்ம அப்பா அம்மா விசிட் விசாவில் வந்து தங்குவதும் இதே மாதங்களில்தான். "மதுரை வெயிலையே பார்த்தவங்க, இது எங்களை என்ன செய்யும்?" என்பார்கள். மதுரை வீட்டில் காற்று ஓடும், தலைக்கு மேல் ஃபேன் சுற்றும். இங்கே அப்படியில்லை.

இன்சுலேஷன் குற்றவாளியா?

வெந்நீர் பிளாஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். சூடானதை ஊற்றினால் சூடு நிற்கும், ஐஸ் போட்டால் ஐஸ் நிற்கும். பிளாஸ்க் எதையும் சூடாக்குவதில்லை. உள்ளே வந்ததை வெளியே விடாது, அவ்வளவுதான். அப்படியானால் கேள்வி, உள்ளே எது வருகிறது?

மேற்கு ஜன்னல் 3 சதுர மீட்டர் என்று வைப்போம். மேகமில்லாத ஜூலை மாலையில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் அளவு வெயில் விழும். டபுள் கிளேஸிங் அதில் பாதியை விட்டாலும் 900 வாட். ஒரு சின்ன ரூம் ஹீட்டர் ஓடுகிற மாதிரி. அதோடு ஆளுக்குச் சுமார் 100 வாட், கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ், அடுப்பு.

வெளியே போவது எவ்வளவு? 60 சதுர மீட்டர் வெளிச்சுவர், 10 சதுர மீட்டர் ஜன்னல் உள்ள புதுக் கட்டடத்தில், வெளியைவிட உள்ளே 6 டிகிரி அதிகமாக இருந்தாலும் இவை வழியாகப் போவது 150 வாட் சுமார்தான். உள்ளே ஆயிரத்துக்கு மேல் வருது, வெளியே 150 போகுது. நம்ம பாஷையில் இது மெமரி லீக். ப்ராசஸ் எடுத்துக்கொண்டே இருக்கிறது, திருப்பித் தருவதில்லை. நாலு நாள் வெயில் அடித்தால் வீடு தொங்கிவிடும். ஆக, செய்ய வேண்டியது இரண்டு: வரவைக் குறைப்பது, செலவைக் கூட்டுவது.

வரவு: வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள்

உள்பக்க பிளைண்ட் வெயிலைத் தடுக்கும்போது, வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. பிளைண்ட் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்கே தரும். அதே துணி வெளியே இருந்தால் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். ஊரில் ஓலைத் தட்டியை வாசலுக்கு வெளியேதானே கட்டுவார்கள்? அதே கணக்கு.

சொந்த வீடு என்றால் வெளிப்பக்க ஷட்டர் அல்லது ஆனிங் போடுவதுதான் முதல் செலவு. தரைத்தள வாடகை வீடு என்றால் வெயில் நேரத்துக்கு மட்டும் வெளியே வெளிர் நிறத் துணி கட்டலாம். என்னைப் போல மாடியில் வாடகைக்கு இருந்தால், கண்ணாடியை ஒட்டினாற்போல் வெள்ளை அல்லது வெள்ளி முதுகுள்ள பிளைண்ட் போடுங்கள். கொஞ்சம் வெயிலையாவது திருப்பி அனுப்பும். ஆனால் வெயில் விழுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். கிழக்கு ஜன்னல் காலையில், மேற்கு ஜன்னல் மதியத்துக்கு முன். சூரிய ஃபிலிம் ஒட்டுபவர்கள் கண்ணாடி வகையைச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். சில டபுள் கிளேஸிங் கண்ணாடிகள் ஏறும் சூட்டில் விரிசல் விடும்.

செலவு: ராத்திரிக் காற்று

ஊர்ப் பழக்கம் நம்மைக் குழப்புவது இங்கேதான். "புழுக்கமா இருக்கு, ஜன்னலைத் திற" என்று பகல் இரண்டு மணிக்கு அம்மா சொல்வார். வெளியே 33, உள்ளே 26 என்றால் திறந்தவுடன் வருவது அனல். விதி ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பதைவிட வெளியே சூடாக இருந்தால் மூடு, குளிர்ந்திருந்தால் திற. இதற்கு ஆப்பில் வரும் ஊர் வெப்பநிலை போதாது. உள்ளே ஒரு சென்சார், வெளியே நிழலில் ஒரு சென்சார் வையுங்கள். நான் ஹோம் அசிஸ்டன்டில் இரண்டையும் ஒப்பிட்டு, வெளியே ஒரு டிகிரி குறைந்ததும் "ஜன்னல் திற" என்று போனுக்கு மெசேஜ் வர வைத்திருக்கிறேன். சாதாரண தெர்மாமீட்டர் இரண்டு இருந்தாலும் போதும்.

60 சதுர மீட்டர் பிளாட்டில் சுமார் 144 கன மீட்டர் காற்று இருக்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மணிக்கு ஐந்து முறை காற்று மாறினால், 6 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 1,400 வாட் வெளியே போகும். சுவரும் கண்ணாடியும் சேர்ந்து விட்டதைவிட ஒன்பது மடங்கு! சுவரும் தரையும் குளிர நேரம் எடுக்கும், ஆகவே தூங்கும்போது மட்டுமல்ல, விடியற்காலை வரை திறந்திருக்கட்டும். ஒரு பக்கம்தான் ஜன்னல் என்றால் ஒரு ஃபேனை வெளியே பார்த்து வைத்து, சூடான காற்றைத் தள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் ஜன்னலுக்குப் பூட்டுக் கொக்கி கட்டாயம்.

வெப்பம் மீட்கும் வென்டிலேஷன் மெஷின் உள்ள வீடுகளில் ராத்திரி 'சம்மர் பைபாஸ்' ஆன் ஆகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வெளியே போகும் சூட்டை அது பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வரும். ஆனால் அதன் காற்றோட்டம் கம்மி, ஜன்னலுக்கு ஈடாகாது.

ஃபேனும் ஏசியும்

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைக் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது சும்மா ஒரு குட்டி ஹீட்டர். அறை 35 டிகிரியைத் தாண்டினால் ஃபேனை நம்ப வேண்டாம் என்பது இங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. அந்த நிலையில் ஈரத் துணி, தண்ணீர், குளிர்ந்த இடத்துக்குப் போவது.

ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசி அறைக் காற்றையே வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்கு வழியாக வெளிச்சூடு உள்ளே வரும். வாங்குவதானால் இரட்டைக் குழாய் அல்லது ஸ்ப்லிட். இங்கேதான் இன்சுலேஷன் நமக்கு நண்பன்: சின்ன ஏசியே போதும், நிறுத்தினாலும் குளிர்ச்சி நிற்கும்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 2022 ஜூன் 15 முதல் இங்கிலாந்தில் புதிய வீடுகளுக்கு 'டாக்குமென்ட் ஓ' என்ற அதிகச் சூட்டுக்கான விதி நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் அனுமதி வாங்கிய கட்டடங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். எனர்ஜி ரேட்டிங் மட்டும் பார்க்காமல், பெரிய ஜன்னல் எந்தத் திசை, இரண்டு பக்கமும் திறக்குமா என்று கேளுங்கள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்குக் கிழக்கு அல்லது வடக்கு அறையைக் கொடுங்கள். படுக்கை அருகே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். ராத்திரி 26 டிகிரிக்கு மேலேயே நின்றால் அடுத்த நாள் பகல் திட்டத்தை மாற்றுங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், வெயில் நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டு உள்–வெளி அளவுகளை மூன்று நாள் குறித்து அனுப்புங்கள். எந்த ஜன்னல் வில்லன் என்று அடுத்த எபிசோடில் சேர்ந்து கண்டுபிடிப்போம்.