மாடு வலியைச் சொல்லும் விதம்

மாட்டை வாயில்லா ஜீவன் என்று சொல்வது நம் வழக்கம். அது முற்றிலும் சரியன்று. மாடு தன் வலியைச் சொல்லத்தான் செய்கிறது. உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவே. கொடிய விலங்குகளுக்கு இரையாகி வந்த இனமாதலால், தளர்ச்சியை வெளிக்காட்டாமல் மறைப்பது அதற்கு இயல்பாகிவிட்டது. ஆகவே, மாடு கதறும்வரை காத்திருக்கும் அங்கத்தினர் பெரும்பாலும் காலம் கடந்த பின்னரே மருத்துவரை அழைக்கிறார்.

முதற்குறி தீவனத் தொட்டியில் தென்படும். சுகமாயுள்ள பசு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7, 8 மணி நேரம் அசைபோடும். வலியுற்ற பசு அசைபோடுவதைக் குறைத்துக்கொள்ளும், தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகி நிற்கும், பாலும் குறையும். பால் சங்கங்களின் கொள்முதல் பதிவேட்டைப் பார்வையிடுவது என் அலுவல்களில் ஒன்று. ஓர் அங்கத்தினரின் பால் அளவு திடீரெனக் குறைந்தால், அவர் வெளியாருக்கு ஊற்றுகிறார் என்ற ஐயமே முதலில் எழுகிறது. அத்தகைய ஐயம் கொள்ளுமுன் தொழுவத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நியாயமாகும்.

அடுத்து முகத்தைக் காண்க. டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் 2015-இல் பசுவின் வலியை அளந்தறிய ஒரு முறையை வெளியிட்டனர். காது பின்னோக்கியோ தாழ்ந்தோ இருத்தல், கண்ணுக்கு மேலுள்ள தசை இறுகுதல், மூக்குத் துளைகள் விறைத்தல், தலையைத் தாழ்த்தி வைத்தல், முதுகு வளைதல், ஆள் அருகே வந்தால் விலகிப் போதல் ஆகியவை அதில் இடம் பெற்றுள்ளன. இவற்றைக் காண கருவி ஏதும் வேண்டுவதில்லை. தினந்தோறும் தண்ணீர் காட்டும் வீட்டுப் பெண்மணியின் கண்ணே போதும். நேற்றைய முகத்தை அறிந்தவர்தானே இன்றைய மாறுதலை அறிய இயலும்?

நெசவாளர் வீடுகளில் ஒரு நோயைக் குறித்துத் தனி எச்சரிக்கை தேவை. மாடு தீவனத்தை நன்கு மெல்லாமல் விழுங்கிப் பின்னரே அசைபோடும். கூட்டிய குப்பையோடு தறியின் ஒடிந்த கம்பியோ, ஊசியோ, ஆணியோ வைக்கோலில் கலந்தால், அது இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும். சிலவேளை சுவரைத் துளைத்து இதயத்தை நோக்கிச் செல்லும். அப்போது பசு முழங்கைகளை வெளியே அகற்றி, முதுகை வளைத்து நிற்கும், பள்ளத்தில் இறங்கும்போது முனகும், பல்லைக் கடிக்கும். தோள்மேட்டுத் தோலை இறுகப் பிடித்தால் சுகமான பசு முதுகைக் கீழே தாழ்த்தும்; இந்நோயுற்றது தாழ்த்த மறுக்கும். கழுத்தின் கீழ் நீர் கோத்துவிட்டால் நோய் முற்றியதெனக் கொள்ளலாம். வலி மருந்து மட்டும் கொடுத்தால் முனகல் அடங்கும், கம்பி அங்கேயே இருக்கும். காரணத்தை மருத்துவரே கண்டறிய வேண்டும். இரும்பை ஈர்த்துப் பிடிக்கும் பொருட்டு வயிற்றினுள் காந்தம் செலுத்தும் வழக்கமும் உண்டு.

மடிநோய் கண்ட பசு கறக்கும்போது உதைக்கிறது. அதனை முரட்டு மாடு என்று அடிப்பதும், காலைக் கட்டிக் கறப்பதும் எத்துணைக் கொடுமை! நொண்டும் எருதுக்குச் சூடு போடுவதும் அத்தகையதே. புண்மேல் புண் உண்டாக்கி, முன்னைய வலி தீர்ந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். முதலில் ஓய்வும், வைக்கோல் பரப்பிய படுக்கையும், எட்டும் இடத்தில் தண்ணீரும் தருக. கன்றுக்குக் கொம்பு தீய்ப்பதானால், உணர்வு நீக்கும் ஊசி போட்ட பின்னரே செய்யும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் மனிதருக்கான வலி மாத்திரையை வாங்கிப் பொடித்துக் கொடுப்பது நம் ஊர்களில் சாதாரணமாக நடைபெறுகிறது. இது மாட்டோடு நின்றுவிடும் விஷயமன்று. டைக்குளோபினாக் செலுத்தப்பெற்ற மாடு இறந்து, அதன் உடலைப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் கெட்டு அது சில நாள்களில் மடிகிறது. 2004-இல் பாகிஸ்தானில் நடைபெற்ற ஆய்வு இதனை மெய்ப்பித்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் 99 சதவிகிதத்திற்கு மேல் அழிந்தன. தமிழ்நாட்டில் இப்போது நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கே அவற்றின் முக்கிய இருப்பிடம். மாடுகளுக்கு டைக்குளோபினாக் 2006-இலும், கீட்டோபுரோபன், அசிக்குளோபினாக் ஆகியவை 2023-இலும் தடை செய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கற்றதெனச் சோதனையில் தேறிய மெலாக்சிகாம் என்னும் மருந்து மாட்டின் வலிக்கும் வீக்கத்திற்கும் நல்ல பயன் தருகிறது. அளவை மருத்துவரே குறிக்க வேண்டும். மருத்துவமனை தொலைவிலிருப்பின் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து நடமாடும் ஊர்தியை அழைக்கலாம்.

ஊசி போட்டதும், மருந்தின் பெயரையும், எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்நாள்களின் பாலைச் சங்கத்தில் ஊற்றலாகாது. ஒருவர் பாலிலுள்ள மருந்து கேனில் எல்லோர் பாலோடும் கலந்துவிடும்.