பழைய ஃபைபர் படகு வேகம் எடுக்குமா?

கேள்வி: மச்சானோடு கூட்டாக நாகப்பட்டினத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். அவுட்போர்டு இன்ஜின். அடிப்பாகத்தை மாற்றினால் வேகம் கூடுமா?
– வாசகர், சிறுவாச்சூர்

பதில்: மதுரகாளியம்மன் ஊரிலிருந்து கடல் கேள்வியா, சந்தோஷம்! அடிப்பாகத்தில் கை வைக்குமுன் எடையைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பின் நம் கரையில் அவசரமாக வார்த்து இறக்கிய படகுகள் ஏராளம். அந்த வயதுப் படகென்றால் உள்ளே அடைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருக்கலாம். அந்தப் பாரத்தோடு எந்த அடிப்பாகமும் எழும்பி ஓடாது.

அடுத்து, நீளமான மட்டக்கோலை இன்ஜின் மாட்டும் பின்பலகையிலிருந்து அணியம் (முன்முனை) நோக்கி அடியில் வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழிவு. ஓடும்போது அது பின்புறத்தைத் தூக்கி அணியத்தை அமுக்கும், வேகம் செத்துவிடும். எபாக்சி பட்டி பார்த்து, தேய்த்து நேராக்கலாம். மணலில் இழுத்து இழுத்துப் பின்விளிம்பு உருண்டிருந்தால் அதையும் கூராக்குங்கள். தண்ணீர் ஒட்டாமல் வெட்டிப் பிரிய வேண்டும்.

அணியப் பக்கத்து மேல்வளைவைத் தொடாதீர்கள். அலை தாண்டி ஏறி இறங்கத்தான் அந்த வளைவு. வேகத்துக்காக அதைச் சமமாக்குவது, என்னைக் கேட்டால், கிறுக்குத்தனம்.

வலையும் ஐஸும் ஏற்றித் தொழிலுக்குத்தான் போவதென்றால் செலவே வேண்டாம். அந்தப் பாரத்தில் எழும்பாமல் நீரைத் தள்ளிப் போகும் 25 அடிப் படகுக்கு 6.7 நாட் வாக்கில்தான் எல்லை. அதற்கு மேல் முறுக்கினால் பெட்ரோல்தான் கரையும்.