வாசலில் செவ்வந்தி

"பக்கத்து வீட்டுச் செடி பூத்துக் குலுங்குது ஐயா. அதிலேயே கொப்பு வாங்கி நட்டேன், எனக்கு மட்டும் இலைதான்" என்று லயத்தில் ஓர் அக்கா குறைபட்டார். போய்ப் பார்த்தேன். உரத்தில் குறையில்லை. விடிய விடிய எரியும் வாசல் பல்புதான் காரணம்!

செவ்வந்தி நீண்ட இருட்டில்தான் மொட்டு வைக்கும். நம் நாட்டில் ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை இரவு சற்று நீளும். ஆகவே:

1. ஆகஸ்டில் மொட்டு வைக்காத இளங்கொப்பில் 3 அங்குலத் துண்டு வெட்டி, அடியிலைகளை நீக்கி, நிழலில் ஈர மணலில் ஊன்றுங்கள். 2 - 3 வாரத்தில் வேர் பிடிக்கும்.

2. மண், மணல், மக்கிய சாணம் கலந்து, ஓட்டை போட்ட வாளியிலோ உரப்பையிலோ நடுங்கள். பாத்தியென்றால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

3. ஆறேழு இலை வந்ததும் கொழுந்து எடுப்பது போல நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். மொட்டு வைக்கும் காலத்தில் கிள்ள வேண்டாம்.

4. பகலில் வெயில், இரவில் இருட்டு.

அந்த அக்கா வாளியை வீட்டுக்குப் பின்னால் மாற்றி வைத்தார். இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்தார். பொங்கலுக்குக் கோயில் மாலை சொந்தப் பூவில் கட்டியாச்சு. கடைக்குக் காசு போகவில்லை!