மேடையைக் கடைசியில் போடுங்கள்

துணிக்கடை ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல், புது ஸ்கூட்டர் அறிமுகம், எதுவானாலும் சரி. என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் முதலில் காட்டுவது மேடையின் படத்தைத்தான். எல்இடி திரை எத்தனை அடி, பாட வருவது யார், கம்பெனிப் பெயர் எங்கே வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் இந்தக் கூட்டம் எந்த வாசல் வழியாக, எதில் ஏறி வீட்டுக்குப் போகும் என்று கேட்டால் முழிப்பார்கள். அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள் தம்பி. பந்தல் தொழிலில் தலை நரைத்தவன் சொல்கிறேன், மேடை தானாக வந்து தன் இடத்தில் உட்காரும்.

1. தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கம் பாருங்கள். நல்ல நேரத்துக்காகச் சொல்லவில்லை. முகூர்த்த நாளில் நாற்காலி, ஜெனரேட்டர், பந்தல் ஆள் எதுவும் சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை எகிறும். அடுத்தது பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை என்பது குழந்தைக்கும் தெரியும். ஏமாற்றுவது ஆகஸ்டும் செப்டம்பரும்தான். பகலெல்லாம் காய்ந்துவிட்டு, சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்க்கும். 2023 ஆகஸ்ட் 12 அன்று ஈசிஆரில் நடக்க இருந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி மழையால்தான் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. கோவைப் பக்கம் என்றால் ஆனி, ஆடியை விட்டுவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஷாமியானாவைத் தூக்கிப் பார்க்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு நடக்கும். மைக் வைத்தால் தெருவே திட்டும். என்னைக் கேட்டால் தை பிற்பாதியும் மாசி முற்பாதியும்தான் திறந்தவெளிக்கான காலம்.

2. நேரம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க லட்சக்கணக்கானோர் கூடினார்கள். காலை 11 மணிக்குத் தொடங்கி உச்சி வெயிலில் 1 மணிக்கு முடிந்தது. அத்தனை பேரும் ஒன்றாகக் கலைந்ததில் சாலையும் ரயில் நிலையங்களும் திணறின. ஐந்து பேர் உயிர் போயிற்று. அவ்வளவு பெரிய கூட்டம் உங்களுக்கு வராது என்றாலும் கணக்கு ஒன்றுதான். மாலை நாலரைக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். இன்னொன்று, யாரும் காதில் வாங்காத யோசனை இது: பெரிய பாடகரைக் கடைசியில் வைக்காதீர்கள். அவர் முடித்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே வாசலை நோக்கி எழும். அவருக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளூர்ப் பிள்ளைகளின் பறையோ சிலம்பமோ இருக்கட்டும், சாப்பாட்டுக் கடைகளும் திறந்திருக்கட்டும். கைக்குழந்தைக்காரர்கள் முதலில் கிளம்புவார்கள், பைக்கில் வந்தவர்கள் பிறகு, வெட்டிக் கதை பேசுகிறவர்கள் கடைசியில். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வடியும்.

3. இடத்தை, நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். மாலை நிகழ்ச்சியை நம்பிக் காலையில் இடம் பார்த்தால் சூரியன் எங்கே இறங்கும் என்று தெரியாது. ஜனங்கள் கிழக்கு பார்த்து உட்காரட்டும். வெயில் பாடகரின் கண்ணில் அடிக்கும்தான். அவருக்குக் காசு கொடுக்கிறோம். எதிர் டீக்கடைக்காரரிடம், மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று கேட்டுவிடுங்கள். அங்கே ஜெனரேட்டரை வைக்கக் கூடாது.

இனி அளவு. 60க்கு 100 அடி மைதானம் என்றால் 6000 சதுர அடி. மேடை, கடைகள், ஜெனரேட்டர் போக 4000 மிஞ்சும். நடைவழியும் சேர்த்து நாற்காலிக்கு 10 சதுர அடி வைத்தால் 400 பேர். முதலாளி ஆயிரம் பேர் வேண்டும் என்பார். ஆயிரம் பேருக்கு வேறு மைதானம் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிரெதிர்த் திசையில் இரண்டு வழி. போகும் வாசல் அருகே பானிபூரி வண்டி நிற்க விடாதீர்கள். அங்கே நாலு பேர் நின்றால் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள்.

4. தண்ணீரும் கழிப்பறையும். தலைக்கு ஒரு லிட்டர் வையுங்கள். 400 பேருக்கு 20 லிட்டர் கேன் இருபது, கைவசம் இன்னும் ஐந்து. எல்லாவற்றையும் ஒரே மேஜையில் அடுக்காமல் நாலு மூலையிலும் பிரித்து வையுங்கள். பிளாஸ்டிக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர் வைத்துக் கழுவ ஒரு ஆள் போடுங்கள். கழிப்பறை விஷயத்தில் ஆண்கள்தான் பட்ஜெட் போடுகிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். நூறு பெண்களுக்கு ஒன்றாவது வேண்டும். உள்ளே விளக்கு, தாழ்ப்பாள், வாளியில் தண்ணீர் மூன்றும் இருக்கிறதா என்று உங்கள் வீட்டுப் பெண் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் கோட்டை விட்டால் குடும்பங்கள் பாதியில் எழுந்து போய்விடும், ஏன் போனார்கள் என்று உங்களிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

5. காற்றுக்குப் பயப்படுங்கள். மேடைக்குப் பின்னால் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி. காற்று புகுந்தால் கம்பியோடு சேர்த்து முன்னால் தள்ளும். வலைத் துணியில் அச்சடித்துக் கட்டுங்கள், காற்று ஊடே போய்விடும். கடற்கரை மணலில் முளை நிற்காது. மணல் மூட்டையை இரண்டடி ஆழத்தில் புதைத்து, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி, மேலே மணலைத் தள்ளி மிதிக்க வேண்டும். தரை சிமெண்டாக இருந்தால் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு காலிலும் கட்டுங்கள், காலுக்கு 200 கிலோ பாரம். பந்தல்காரர் கட்டி முடித்ததும் நீங்களே போய்க் கம்பத்தைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. சாலையோரத்தில் பேனர் வைக்கலாமா என்று கேட்கவே கேட்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

6. கரண்ட். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் 50 கிலோவாட் தரும் என்று எழுதியிருக்கும். 35க்கு மேல் ஏற்றாதீர்கள். சவுண்டுக்கும் லைட்டுக்கும் தனித்தனி ஜெனரேட்டர் இருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வராது. எர்த் கம்பி அடித்தார்களா என்று கண்ணால் பாருங்கள், அடித்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஜனங்கள் நடக்கிற இடத்தில் கேபிள் தரையில் கிடக்கக் கூடாது.

7. அனுமதிக்கு நீங்களே போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். காவல் நிலையம், போக்குவரத்துக் காவல், மாநகராட்சியோ ஊராட்சியோ, தீயணைப்பு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். முத்திரை போட்ட தாளை நகலெடுத்து ஒலிப்பதிவு மேஜையில் ஒட்டிவையுங்கள். 9.50க்கு எஸ்.ஐ. வந்து நிற்கும்போது ஃபைலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

8. இலவசம் என்று மைக்கில் சொல்லாதீர்கள். இதில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். 2005 டிசம்பர் 18 விடியற்காலை, சென்னை எம்ஜிஆர் நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காகக் கூடியவர்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலை டோக்கனுக்காக வந்த நான்கு பெண்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் கொடுக்க வந்தவர்கள் நல்லதுதான் நினைத்திருப்பார்கள். உங்கள் பிராண்டு கொடுப்பது ஒரு தொப்பி, ஒரு சாஷே ஷாம்பூ. அதை மேடையிலிருந்து வீசுகிற தொகுப்பாளரை அன்றே மாற்றுங்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால், போகும் வாசல் இரண்டிலும் பை பையாக வைத்து, கிளம்புகிறவர் கையில் பேச்சில்லாமல் கொடுங்கள். எல்லோருக்கும் போதுமான எண்ணிக்கை இல்லை என்றால் கொடுக்கவே வேண்டாம்.

9. முதலாளி பேச்சு மூன்று நிமிடம். அவரிடம் இதைச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் அவர் மனைவியிடம் சொல்லுங்கள்.

10. மழை வந்தால் நிறுத்துவது யார்? ஒருவர் பெயரை முன்னாலேயே எழுதிவையுங்கள். அது முதலாளியாக இருக்கக் கூடாது, செலவு செய்தவருக்கு நிறுத்த மனம் வராது. நுங்கம்பாக்கம் வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வெளியிடும், ரேடார் படத்தையும் போனிலேயே பார்க்கலாம். மேகம் நெருங்கினால் முதலில் எல்இடி திரையை இறக்குங்கள், பிறகு கரண்டை அணையுங்கள். அதற்குள் கூட்டத்துக்கு மைக்கில் சொல்லிவிட வேண்டும். கரண்ட் போன பிறகு எதில் சொல்வீர்கள்? பேட்டரி மெகாபோன் ஒன்று கையில் இருக்கட்டும். மின்னல் தெரிந்தால் இரும்புத் தூண் பந்தலுக்குள் யாரையும் ஒதுங்கவிடாதீர்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவையுங்கள்.

11. கூலியை அன்று இரவே கொடுங்கள். பந்தல் பிரிக்கிற பையன்களுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்காது. நாற்காலியை லாரியில் ஏற்றும்போது எண்ணுங்கள், மறுநாள் எண்ணினால் சண்டைதான். முளை அடித்த குழிகளை மூடி, காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் வருவதற்குள் குப்பையை அள்ளிவிட்டால், அடுத்த வருஷமும் அந்த மைதானம் உங்களுக்குக் கிடைக்கும். அட்வான்ஸ் தொகையையும் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தருவார்கள்.