ஒரு பள்ளத்தாக்கு போதும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். அக்டோபர் முதல் வாரம் லீவு போட்டுவிட்டு கேமராவோடு சியரா நெவாடா மலைக்குப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். நீ அனுப்பிய திட்டத்தையும் பார்த்தேன். யோசெமிட்டி, மோனோ ஏரி, ஜூன் லேக், மாமத், கான்விக்ட் லேக், பிஷப், லோன் பைன் எல்லாம் நாலே நாளில். ஒவ்வொன்றுக்கும் எதிரே மணிக்கணக்கு வேறு. யோசெமிட்டி தவிர மற்றதெல்லாம் 395ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் வரைபடத்தில் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் அப்படி ஓடினால் நல்ல வெளிச்சமுள்ள நேரமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழிந்துவிடும். பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடு. பிஷப் ஓடைப் பள்ளத்தாக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்.

ஏன் அதைச் சொல்கிறேன் தெரியுமா? பிஷப் ஊர் இருப்பது சுமார் 1,265 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து 168ஆம் சாலையில் 30 கிலோமீட்டர் அளவுக்கு ஏறினால் சப்ரைனா ஏரி. அது 2,780 மீட்டர். இலையின் நிறமாற்றம் மலை உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கி வரும். செப்டம்பர் கடைசியில் ஏரிப் பக்கம் மஞ்சள் கண்டால், அடிவாரச் சமவெளியின் காட்டன்வுட் மரங்கள் மாற அக்டோபர் கடைசி, நவம்பர் ஆகிவிடும். ஆகவே நீ போகும் வாரம் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கவலையில்லை. மேலே உதிர்ந்திருந்தால் பத்து நிமிடம் கீழே வா, ஆஸ்பெண்டெல் பக்கம் நிறைந்திருக்கும். கீழே பச்சையாக இருந்தால் மேலே ஏறு. இந்த வசதியை விட்டுவிட்டு ஊர் ஊராக நிறத்தைத் துரத்த வேண்டியதில்லை.

போய் இறங்கியதும் அங்கே மஞ்சளாகும் ஆஸ்பென் மரத்தைத் தெரிந்துகொள். உதிர்ந்த இலை ஒன்றை எடுத்து அதன் காம்பை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார். உருளாது. காம்பு தட்டையாக, இலைப்பரப்புக்குக் குறுக்குவாட்டில் இருக்கும். அதனால்தான் காற்றே இல்லை என்று நாம் நினைக்கும் நேரத்திலும் நம்மூர் அரச இலை போலச் சலசலத்துக்கொண்டிருக்கிறது. உன் ஷட்டர் ஸ்பீடை முடிவு செய்வது இந்தக் காம்புதான். இலை கூர்மையாக வர வேண்டுமானால் நொடியின் 250இல் ஒரு பங்கைவிட மெதுவாகப் போகாதே. காற்று ஏறினால் இன்னும் வேகம் வை. அசைவே படமாக வேண்டுமானால் டிரைபாடில் வைத்து ஒரு நொடி, இரண்டு நொடி திறந்து வை. வெள்ளைத் தண்டு அசையாமல் நிற்க, மஞ்சள் மட்டும் கரைந்து ஓடும். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் பார்ப்பவருக்குக் கைநடுக்கம் என்றுதான் தோன்றும்.

இன்னொன்றையும் கவனி. தோப்பாகத் தெரிவது பெரும்பாலும் ஒரே மரம். ஒரே வேர்த்தொகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான தண்டுகள் முளைத்து நிற்கும். அந்தத் தண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே சாயலில் நிறம் மாறும். பக்கத்தில் நிற்பது வேறு வேரைச் சேர்ந்தது; அது இன்னும் பச்சையாக இருக்கலாம், ஆரஞ்சுக்குப் போயிருக்கலாம். கோடையில் பிரித்தறிய முடியாத, இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த எல்லை இலையுதிர் காலத்தில் கண்ணுக்குத் தெரியும். முழு மஞ்சளாக இருக்கும் தோப்பின் நடுவில் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நீ அந்த எல்லையைத் தேடிப் போய் நில். பச்சையும் பொன்னும் தண்டுக்குத் தண்டு மாறும் இடத்தில் கிடைக்கும் படம் அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

மஞ்சள் இலைக்குள் புதிதாக வருவதல்ல. கோடை முழுக்க அங்கேயே இருக்கிறது, பச்சையம் மறைத்திருக்கிறது. பகல் குறுகக் குறுக மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்துகிறது. இருப்பதும் சிதைந்துபோக, அடியில் கிடந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும்தான் அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. வெயிலடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் அது அதிகமாக இருக்கும். அதனால் ஒரு வாரம் முன்பிருந்தே வானிலையைப் பார்த்து வா. முக்கியமாகக் காற்றைப் பார். ஒரே இரவுப் புயல் ஒரு பக்கத்து இலை முழுவதையும் உதிர்த்துவிடும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். கிழக்குச் சியராவில் முகடு மேற்கே இருக்கிறது, சூரியன் எதிரே கிழக்கில் எழுகிறது. அதனால் அங்கே விடியற்காலைதான் ராஜா. அக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சற்று முன் சிகரத்தில் முதல் வெளிச்சம் படும். நீ அதற்கு அரை மணி முன்பே டிரைபாடை நட்டு நிற்க வேண்டும். மாலையில் நிலைமை வேறு. சூரியன் மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே முகட்டின் பின்னால் போய்விடும், பள்ளத்தாக்கு நிழலாகிவிடும். நிறையப் பேர் அப்போது பையைக் கட்டிவிடுகிறார்கள். நீ கட்டாதே. அந்த நிழலில் கண்ணைக் கூசவைக்கும் ஒளித்திட்டுகள் கிடையாது. இலை தானே ஒளிர்வது போல இருக்கும். வானத்தின் நீலம் தண்டில் ஏறும், அதற்காக ஒயிட் பேலன்ஸை ‘ஷேட்’ பக்கம் கொஞ்சம் நகர்த்து, முழுக்க அழித்துவிடாதே. நடுப்பகலில் தோப்புக்குள் போய் சூரியனுக்கு எதிராக இலையைப் பார்த்து எடு.

மஞ்சள் ஏமாற்றும் நிறம். சாதாரண ஹிஸ்டோகிராம் சரியாக இருக்கும்போதே சிவப்புச் சேனல் மட்டும் வெடித்துப்போய், இலை வெறும் மஞ்சள் பூச்சாக வந்து நிற்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு எடு. போலரைசர் இலையின் பளபளப்பைக் குறைத்து நிறத்தை வெளியே கொண்டுவரும், நல்லது. ஆனால் அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம். அகன்ற லென்ஸில் போலரைசரை முழுக்கத் திருப்பினால் வானத்தில் ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் வெளுத்துப் போகும். வீட்டுக்கு வந்து சாச்சுரேஷனை ஏற்றாதே, கண்ணு. அந்த மரத்துக்கு அது தேவையே இல்லை.

சப்ரைனா ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. மின் உற்பத்திக்காக அணை கட்டித் தேக்கிய நீர் அது. இலையுதிர் காலத்தில் மட்டம் இறங்கி, கரையைச் சுற்றி வெளிறிய பாறைப் பட்டை தெரியும். பார்த்து மனம் தளராதே. அந்தப் பட்டையையும் சேர்த்து எடு, அல்லது வடக்கே நார்த் லேக்குக்குப் போ. அங்கே போகும் மண்பாதை குறுகல், ஒரு பக்கம் சரிவு. இருட்டில் மெதுவாக ஓட்டு, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் பார்த்துக்கொண்டே போ.

லோன் பைனைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னது உனக்கு வருத்தமாக இருக்கும். புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1944இல் சியராவின் குளிர்கால விடியலை எடுத்த ஊர் அது. அந்தப் படம் எப்படி வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கடுங்குளிரில் தொடர்ந்து நாலு விடியற்காலை அதே இடத்துக்குப் போயிருக்கிறார்; ஐந்தாம் நாள்தான் வெளிச்சம் கூடியது. அப்போதும் புல்வெளியில் மேய்ந்த குதிரை முதுகைக் காட்டியபடி கட்டை போல நின்றிருக்கிறது. கடைசி நிமிடத்தில் அது பக்கவாட்டில் திரும்பியது, அவர் ஷட்டரை அழுத்தினார். நீ லோன் பைனுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு காலை. அதற்கென்று தனியாக ஒரு பயணம் போ. அப்போது பக்கத்திலேயே மன்சனாரில் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்திருந்த முகாமையும் நின்று பார். ஆடம்ஸ் அந்த நாட்களில் அங்கிருந்த மனிதர்களையும் படம் எடுத்திருக்கிறார்.

ஆஸ்பென் தண்டைத் தொட்டுப் பார், ஆனால் கீறாதே. பட்டை மிக மெல்லியது, அதிலும் பச்சையம் உண்டு. கீறிய இடம் கறுத்துத் தடித்துப்போகும், பூஞ்சை உள்ளே நுழையும். பாஸ்க் இடையர்கள் நூறு ஆண்டுக்கு முன் கீறிய பெயர்கள் அந்தப் பக்கத்துத் தோப்புகளில் இன்னும் இருக்கின்றன. அவை இப்போது வரலாறு. இன்று நாம் கீறினால் அது காயம் மட்டுமே. படத்தில் குறுக்கே வருகிறது என்று கிளையை ஒடிப்பவர்களையும் பார்ப்பாய். நீ இரண்டடி தள்ளி நின்றுகொள். ஏரிக்கு மேலே ஜான் மியூர் வனப்பகுதி. அங்கிருந்து டிரோன் பறக்கவிடக் கூடாது.

உடம்பையும் பார்த்துக்கொள். கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறினால் தலை வலிக்கும், தூக்கம் வராது. இரவு பிஷப்பிலேயே தங்கு, தண்ணீர் நிறையக் குடி. விடியலில் உறைநிலைக் குளிர் இருக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வை. கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோகும்முன் பையில் போட்டு இறுக மூடு, இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும். தின்பண்டத்தைக் காரில் விட்டு நடக்கப் போகாதே. கரடி வரும், கதவைப் பிய்த்துவிடும். பாதை தொடங்குமிடத்தில் இரும்புப் பெட்டி வைத்திருந்தால் அதில் பூட்டு. 395இல் அதிகாலையிலும் அந்திநேரத்திலும் மான் குறுக்கே ஓடும்.

யோசெமிட்டி வழியாக 395க்கு வரும்போது கடக்கும் டயோகா கணவாய் 3,000 மீட்டருக்கு மேல். பெரும்பாலும் நவம்பரில் மூடுவார்கள், ஆனால் அக்டோபரில் ஒரு பனிப்பொழிவு வந்தாலும் தற்காலிகமாக அடைத்துவிடுவார்கள். கிளம்பும் அன்று காலையிலும் சாலை நிலவரத்தைப் பார். மூடியிருந்தால் வடக்கே சுற்றி 88ஆம் சாலையில் வா, சில மணி நேரம் கூடும், அவ்வளவுதான். மலை மேலே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. காலையில் ஏறும்முன் ஒரு மெசேஜ், ராத்திரி அறைக்குத் திரும்பியதும் ஒரு மெசேஜ் எனக்குப் போட்டுவிடு.

அன்புடன்,
அத்தை